சுவரோரத்தில் விட வேண்டிய இடம்

புதிதாக வாங்கியிருக்கும் வீட்டில் கார்ப்பெட் போடுவதா, மரத்தரை போடுவதா, எந்த நிறம் எடுப்பாக இருக்கும், ஆள் வைக்காமல் நாமே போட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை உங்கள் வீட்டாரே தீர்மானிக்கட்டும். நாமே போடலாமா என்ற கேள்விதான், குளிர்நாட்டுக்கு வந்து நான் வாங்கிய முதல் வீட்டின் முன்னறையை நினைவுக்குக் கொண்டுவந்தது.

அப்போது கடுங்குளிர்காலம். பலகைகளை விற்றவர் விலையைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. வண்டியிலிருந்து இறக்கிய அன்றே நானும் என் மைத்துனரும் அவற்றைச் சுவரோடு சுவராக நெருக்கிப் பதித்து, ஒரு நூல் இடைவெளிகூட இல்லை என்று பெருமைப்பட்டோம். கோடையின் ஈரக்காற்று வந்ததும் அறையின் நடுவே பலகைகள் கூரைபோல எழும்பிவிட்டன.

மரம், அறுத்துப் பலகையாக்கிய பின்னும், காற்றிலுள்ள ஈரத்தை வாங்குவதும் விடுவதுமாகவே இருக்கும். நீளவாக்கில் அதிகம் மாறாது, அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும். ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் சுருங்கியிருந்த பலகைக்குக் கோடையில் விரிய இடம் வேண்டும். ஆகவே சுவர், கதவு நிலை, குழாய் என எல்லா ஓரங்களிலும் ஏறத்தாழ 10 மி.மீ. விட்டுவிடுங்கள், சுவரடியில் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். லேமினேட் என்ற, மரம்போல அச்சிட்ட பலகை என்றால் குறைந்தது 48 மணி நேரமும், முழுமரம் என்றால் அதைவிட அதிக நாட்களும், நீங்கள் புழங்கும் வெப்பநிலையில் அதே அறையில் பலகைகளை அடுக்கி வைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

அடித்தளம் இதைவிட முக்கியம். புதிய கான்கிரீட் மேலே காய்ந்ததுபோலத் தோன்றினாலும் உள்ளே ஈரம் இருக்கும். நல்ல சூழலில்கூட நாளுக்கு ஒரு மி.மீ. கனம்தான் காயும் என்பது வேலைக்காரர்கள் வைத்திருக்கும் கணக்கு. ஈரமானி வைத்துப் பார்க்காமல் எவர் சொன்னாலும் பதிக்காதீர்கள். இரண்டு மீட்டர் மட்டப்பலகையைத் தரையில் வைத்துப் பார்க்கும்போது 3 மி.மீ.க்கு மேல் பள்ளம் தெரிந்தால், முதலில் அதை நிரவுங்கள்.

நம்மவர்களில் பலர் கௌரவத்துக்காகக் கான்கிரீட் தளத்தின் மீதும் முழுமரமே வேண்டும் என்று நிற்பதைப் பார்க்கிறேன். அது எனக்கு உடன்பாடில்லை. பிளைவுட்டின் மேல் நல்ல மரத்தகடு ஒட்டிய பலகைகள் ஈரத்தின் ஏற்ற இறக்கத்தை நன்றாகத் தாங்கும். தரையடியில் சூடேற்றும் அமைப்பு இருந்தால், மேற்பரப்பு 27 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். வேறு சிலர், அச்சிட்ட தாளை மரநார்ப் பலகையில் ஒட்டிச் செய்த லேமினேட்டை மரம் என்றே நம்பி, ஈரம் சொட்டும் துணியால் துடைக்கிறார்கள். இணைப்புகளில் நீர் இறங்கி ஊதிவிட்டால் அதை இழைத்துச் சரிசெய்ய வழியே இல்லை. தண்ணீர் ஊற்றித் தரையைக் கழுவிப் பழகிய கையை மாற்றிக்கொள்ள எனக்கே ஓராண்டு பிடித்தது.

கார்ப்பெட்டைப் படுக்கையறைக்கும் மாடிப்படிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பழைய அடிவிரிப்பின் மீதே புதியதை விரிக்காதீர்கள், இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் ஒட்டு வாசலில் வராதபடி பாருங்கள், அவற்றின் இழைகளும் ஒரே திசையில் சாய்ந்திருக்கட்டும்.

எழும்பிய அந்தத் தரையை நானே பிரித்தேன். உடையாத பலகைகளைப் பத்து நாட்கள் சிறிய அறையில் அடுக்கி வைத்து, ஓரங்களில் மரக்கட்டைகளைச் செருகி இடைவெளி விட்டு, தனியாக மறுபடி பதித்தேன். அதன்பின் எத்தனையோ கோடைகள் வந்து போய்விட்டன. அந்த அறையில் ஒரு பலகைகூட அசையவில்லை. ஈரமானியும் மட்டப்பலகையும் இப்போது என்னிடம் சொந்தமாகவே இருக்கின்றன. தொடங்குமுன் சொல்லுங்கள், கொண்டுவருகிறேன்.