டேபிள்டாப் ரோல்பிளே கேமுக்கு சப்ளிமென்ட் எழுதும்போது, ஆட்டத்துக்கு உதவும் விஷயம் எவ்வளவு, கற்பனை எவ்வளவு இருக்க வேண்டும்?

உங்கள் கேள்வியின் விவரத்தைப் படித்தேன். சொந்தமாக ஒரு ஆற்றங்கரை நகரம் உருவாக்கியிருக்கிறீர்கள். அதன் வரலாறே 40 பக்கம் வந்துவிட்டது. நண்பர் படித்துவிட்டு, "இதை யார் படிப்பார்கள், அட்டவணையும் விலைப்பட்டியலும் போடு" என்றிருக்கிறார். எதை வெட்டுவது என்று கேட்கிறீர்கள்.

பாதிக்குப் பாதி என்று ஒரு கணக்குச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் இதே இடத்தில் இரண்டு வருடம் மாட்டிக்கொண்டு நின்றவள் நான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து உலகத்தை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, டைஸ் உருட்டி விளையாடுவார்கள். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இதற்கெல்லாம் தொடக்கம். அந்த ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள யாரோ ஒருவர் தனியாக எழுதித் தரும் ஊர், பொருள், பூதம் எல்லாம் சப்ளிமென்ட்.

நான் மும்பையில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை பில் ஆஃப் என்ட்ரிதான், அதாவது இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கும் படிவம். அதனால் நான் உருவாக்கிய ஊரும் துறைமுகமாகத்தான் வந்தது. உப்பங்கரை என்று பெயர் வைத்தேன். முதல் வடிவம் 62 பக்கம். செம்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஆடிப் பார்த்தோம். சித்தி மகன்தான் கேம் மாஸ்டர். நான் வாயைத் திறக்கக் கூடாது, ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று முதலிலேயே பேசிக்கொண்டோம்.

முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் போனது. அப்புறம் ஆடிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர், "நாங்க அந்தக் கோயில் குளத்துல இறங்குறோம்" என்றார். தம்பி பக்கத்தைப் புரட்டினான். குளத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் இருந்தது. எந்த அரசன் வெட்டினான், அவன் மகள் ஏன் அதில் விழுந்தாள், படிக்கட்டில் என்ன கல் என்று எல்லாம் எழுதியிருந்தேன். அவன் விரலை வைத்து வரி வரியாகத் தேடினான். மின்விசிறிச் சத்தம் தவிர ஒன்றும் இல்லை. ஒருவர் போனை எடுத்துவிட்டார். கடைசியில் அவன் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இறங்கினா என்ன ஆகும்னு நீ எங்கயுமே எழுதலயே" என்றான்.

அன்றைக்கு நான் பக்கத்தில் இருந்தேன், வாயால் சொல்லிவிட்டேன். ஆனால் கோவையிலோ கொழும்பிலோ ஒருவர் பிடிஎஃப் வாங்கி விளையாடும்போது அந்த வீட்டு ஹாலுக்கு நான் போக முடியாது. அந்த எண்ணம் என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை.

அடுத்த ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் வெட்டினேன். கதை போனது, வரலாறு போனது. டைஸில் விழும் எண்ணுக்கு ஒரு வரி என்று, 20 வரி கொண்ட அட்டவணைகளாகப் போட்டேன்: மாலுமிகளின் பெயர், கடைகள், வதந்திகள், விலைகள். 50 அடி சணல் கயிறு 1 தங்கக் காசு என்றுகூட எழுதினேன். அது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது, நான் திரும்ப எழுத ஒரு அவசியமும் இல்லை. ஆட்டம் வேகமாகப் போனது, யாரும் பக்கம் புரட்டவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை, அதே ஆட்கள், "போன வாரம் போனோமே, அது எந்த ஊரு?" என்று கேட்டார்கள். பெயர் ஒருவருக்கும் நினைவில்லை. குளத்து விஷயத்தைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

இதற்கு வழி எனக்குக் கிடைத்தது அம்மாவின் அலமாரியில் இருந்த சிலப்பதிகார உரையில். இந்திர விழா வரும் காதையில் புகார் நகரத்தின் ஐந்து மன்றங்களைச் சொல்லும் பகுதி இருக்கிறதே, அதை இந்தக் கண்ணோடு ஒரு முறை படித்துப் பாருங்கள். வெள்ளிடை மன்றத்தில் வெளியூர் வியாபாரிகளின் பொதிகள் கிடக்கின்றன. வாசல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, காவல் இல்லை. பொதியின் மேல் சொந்தக்காரர் பெயரும் அளவும் மட்டும் எழுதியிருக்கும். எவனாவது திருடினால், அந்தப் பொதியைத் தலையில் ஏற்றி அவனை அங்கேயே சுற்றவைக்குமே தவிர, கொண்டுபோக விடாது. எங்கள் ஆபீஸ் படிவத்தில் இன்றைக்கும் 'மார்க்ஸ் அண்ட் நம்பர்ஸ்' என்று ஒரு கட்டம் உண்டு, பெட்டியின் மேல் உள்ள குறியும் எண்ணும் எழுதுவதற்கு. அந்த இடத்தைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

அடுத்தது இலஞ்சி மன்றம். அது ஒரு குளம். கூனரும் குறளரும் ஊமையரும் செவிடரும் அழுகிய மேனியரும் முழுகினால் குறை நீங்கி, வலம் வந்து போவார்கள். அந்தக் குளத்தை யார் வெட்டினார்கள் என்று அங்கே ஒரு வார்த்தை கிடையாது. இறங்கினால் என்ன ஆகும் என்பது மட்டும் இருக்கிறது. தம்பி என்னிடம் கேட்ட அதே கேள்விக்கு அங்கே பதில் இருந்தது. பாவை மன்றமும் அப்படித்தான். அரசனின் செங்கோல் வளைந்தால் அந்தப் பாவை வாய் திறக்காமல் கண்ணீர் விடும். ஊருக்குள் நுழைந்ததும் ஒரு சிலை அழுதுகொண்டிருந்தால், விளையாடுபவர்களுக்கு அன்றைக்கு என்ன வேலை என்று யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை.

அப்போதுதான் உபயோகம் ஒரு பக்கம், கற்பனை ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்ப்பதை விட்டேன். எவ்வளவு விசித்திரமாக வேண்டுமானாலும் எழுதலாம். அதைத் தொட்டால், திருடினால், உடைத்தால், உள்ளே இறங்கினால் என்ன ஆகும் என்பதும் அங்கேயே இருக்க வேண்டும். விலைப்பட்டியல் எழுதினால் அது வேறெந்த ஊருக்கும் பொருந்தக் கூடாது. இந்த இரண்டையும்தான் இன்றுவரை ஒவ்வொரு பத்திக்கும் வைத்துப் பார்க்கிறேன்.

என் குளம் மூன்றாம் வடிவத்தில் இப்படி ஆனது:

"உப்புக்குளம். இறங்குபவர் கடைசியாகச் சொன்ன பொய்யை அவர் குரலிலேயே குளம் திரும்பச் சொல்லும். கரையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். அன்று பொய் சொல்லாதவருக்குத் தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறாது. பெரிய பேரம் முடியும் முன் வியாபாரிகள் ஒருவரையொருவர் இங்கே கூட்டி வருவார்கள். காவல்காரக் கிழவிக்கு 2 வெள்ளி. 5 கொடுத்தால் மற்றவர்களைக் கரையிலிருந்து விரட்டிவிடுவாள்."

ஒன்றரைப் பக்கம் ஐந்து வரி ஆனது. அரசன் மகள் கதையைத் தூக்கி எறியவில்லை, வதந்தி அட்டவணையில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கிறது.

விலைப்பட்டியலுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு கொலாபாவில் உள்ள சசூன் டாக் போனேன். 1875இல் திறந்த மீன்பிடித் துறை அது. படகிலிருந்து கூடைகளை ஆள் மாற்றி ஆள் எறிந்து மேலே ஏற்றுகிறார்கள். தரையெல்லாம் பனிக்கட்டித் தண்ணீர். பெண்கள் வரிசையாகக் குந்தி உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே இருக்கிறார்கள், விரல் நிற்பதே இல்லை. ஒரு அம்மா கூடையில் கையை விட்டு, அடியில் பனி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசினார். வீட்டுக்கு வந்ததும் உப்பங்கரையின் நண்டு விலையை மாற்றினேன். விடியலில் ஒரு கூடை 6 செம்புக் காசு, முதல் மணி அடித்ததும் 4, மூன்றாம் மணிக்கு 1. அதற்குப் பிறகு வாங்கித் தின்பவர் விஷம் ஏறுமா என்று டைஸ் உருட்டிப் பார்க்க வேண்டும். அடுத்த ஆட்டத்தில் ஒருவர் கெட்ட நண்டை வேண்டுமென்றே வாங்கிக் காவலாளிக்குச் சமைத்துக் கொடுத்தார். அந்த ஊர்ப் பெயரை இப்போது யாரும் மறப்பதில்லை.

அட்டவணை போடுவதில் ஒரு நுணுக்கம் சொல்லிவிடுகிறேன், இதை எனக்கு யாரும் முதலில் சொல்லவில்லை. 20 முக டைஸில் ஒவ்வொரு வரிக்கும் ஒரே அளவு வாய்ப்பு, 5 சதவீதம். மீன்காரி சண்டை போடுவதும் தலையில்லாத மாலுமி நடந்துபோவதும் அங்கே ஒன்றுதான். அதையே இரண்டு ஆறு முக டைஸாக மாற்றுங்கள். 36 சேர்க்கைகளில் 6, 7, 8 மூன்றும் சேர்ந்து 16 முறை விழும். 2க்கும் 12க்கும் தலா ஒன்றுதான். ஊரின் அன்றாடத்தை நடுவிலும் விசித்திரத்தை இரு ஓரத்திலும் வைத்தால், மாலுமி வரும்போது மேஜையில் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

விதிகளைத் திரும்ப எழுதிப் பக்கத்தை நிரப்பாதீர்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைத் தொகுத்த எஸ்ஆர்டி 5.1 என்ற ஆவணம், 2023 ஜனவரியிலிருந்து யாரும் எடுத்தாளலாம் என்கிற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருக்கிறது. உரிய குறிப்புப் போட்டுவிட்டுப் பயன்படுத்தலாம்.

இதற்கு எப்படி மறுப்பு வரும் என்று எனக்குத் தெரியும். சப்ளிமென்ட் வாங்குகிறவர்களில் பலர் ஆடுவதே இல்லை, படிக்கத்தான் வாங்குகிறார்கள், நீ ஏன் கதையைக் குறைக்கச் சொல்கிறாய் என்பார்கள். நானும் அப்படிப் படிக்கிறவள்தான். கதை வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஐந்து வரிக் குளத்தை வீட்டில் உட்கார்ந்து படித்தாலும் அது கதைதான். இன்னும் சிலர், எல்லாவற்றையும் எழுதிவிட்டால் கேம் மாஸ்டருக்கு என்ன வேலை என்பார்கள். அது நியாயமான கேள்வி. 1979இல் வந்த 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் சாகசப் புத்தகத்தில் கோட்டை ஆட்களுக்குப் பெயரே கிடையாது, பதவி மட்டும்தான். பெயரை நடத்துபவர் வைத்துக்கொள்ள வேண்டும். அப்படித் தெரிந்தே விடுகிற காலி இடம் நல்லது. என் முதல் குளத்தில் இருந்த காலி இடம் நான் யோசிக்காமல் விட்டது.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆட்கள் எட்டுப் பேர் ஆனதும் எங்கள் கட்டடத்தின் பொது ஹாலை மாதம் ஒரு ஞாயிறு கேட்டோம். வாடகை தருகிறோம் என்றோம். கமிட்டியில் டைஸைப் பார்த்ததும், "இது சூதாட்டம், குடும்பங்கள் இருக்கிற இடம்" என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். பந்தயம் இல்லை, காசு இல்லை, வந்து பாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டேன். ஒருவரும் வரவில்லை. அதே ஹாலில் தீபாவளிக்கு விடிய விடியக் காசு வைத்துச் சீட்டு ஆடுகிறார்கள். எங்கள் எட்டுப் பேரில் 14 வயதுப் பையன் ஒருவன், எங்களோடு ஆட ஆரம்பித்த பிறகுதான் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகினான், என் வதந்தி அட்டவணையைத் தானே படிக்க வேண்டும் என்பதற்காக. அந்தக் கடிதம் வந்ததும் அவன் வீட்டில் அவனை அனுப்புவதை நிறுத்திவிட்டார்கள். இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சரி, உங்கள் 40 பக்கத்துக்கு வருகிறேன். எதையும் அழிக்காதீர்கள். ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, விளையாடுபவர் கை வைக்கக்கூடிய ஒவ்வொரு பொருளின் கீழும் கோடு போடுங்கள்: மணி, படகு, கதவு, ஆற்றுத்தாயின் சிலை என்று. கோடு போட்ட இடத்தில் எல்லாம், கை வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு வரி எழுதுங்கள். பிறகு அந்தப் பிரதியை "அட்டவணை போடு" என்று சொன்ன அதே நண்பரிடம் கொடுத்து நடத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து, அவர் எந்தப் பக்கத்தில் விரலை வைத்துத் தேடுகிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.