சைக்கிளில் 180 மி.மீ. டிஸ்க்குக்கு மாற்றினேன், பிரேக் உரசுகிறது, ஏன்?

டிஸ்க் பிரேக் என்பது சக்கரத்தோடு சுழலும் மெல்லிய எஃகுத் தட்டை, காலிப்பருக்குள் இருக்கும் இரண்டு பேட்கள் இருபுறமும் கவ்விப் பிடிப்பது. பேடுக்கும் தட்டுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதனால் காலிப்பர் இம்மி நகர்ந்தாலும் உரசும்.

ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலம் இறங்க, சூட்டைத் தாங்கும் பெரிய டிஸ்க் நல்லதுதான். ஆனால் விட்டம் 160-லிருந்து 180-க்குப் போனால் தட்டின் விளிம்பு 10 மி.மீ. வெளியே வரும், காலிப்பரையும் அதே அளவு தள்ள அதற்கான அடாப்டர் (இடையில் பொருத்தும் துண்டு) வேண்டும். இல்லையென்றால் தட்டு காலிப்பரிலேயே இடிக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் 180-ஐ ஏற்குமா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

அடாப்டர் சரி, இன்னும் உரசுகிறதா? கதவு உரசுவது போலத்தான்: கீல் நகர்ந்ததா, பலகை வளைந்ததா? விடாமல் உரசினால் காலிப்பர் நகர்ந்திருக்கிறது. சுற்றுக்கு ஒருமுறை மட்டும் 'சிங்' என்றால் தட்டு வளைந்திருக்கிறது.

முதலில் சக்கரம் ஃபோர்க்கில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கவும். திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் என்றால், காலிப்பரின் இரு போல்ட்டுகளையும் 5 மி.மீ. ஆலன் கீயால் தளர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே மாறி மாறிச் சிறிது சிறிதாக இறுக்கவும். ஒன்றை மட்டும் முழுதாக இறுக்கினால் காலிப்பர் திரும்பிக்கொள்ளும். ஒரு பேட் மட்டும் நகரும் கேபிள் பிரேக்கில், நகராத பேடை அதன் திருகால் தட்டுக்கு அருகே கொண்டுவர வேண்டும்.

சத்தம் போக ஒரு சொட்டு எண்ணெய் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சொட்டு பேடில் ஊறினால் மலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காது, பேடையே மாற்ற வேண்டிவரும்.