கேடயத்தைப் போட்டுவிட்டு ஓடிய கவிஞர்கள்

அன்புள்ள சார்,

ரோமானியக் கவிஞர் ஹோரஸ் பற்றிய உங்கள் கட்டுரை படித்தேன். பிலிப்பி போரில் கேடயத்தை விட்டுவிட்டு ஓடியதாக அவரே பாடியதைச் சொல்லியிருந்தீர்கள். அவருக்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்பே கிரேக்கக் கவிஞர் ஆர்க்கிலோகஸ் இதையே பாடியிருக்கிறாராமே! அப்படியானால் ஹோரஸ் சொன்னது பொய்யா? இதைத் தாக்கம் என்பதா, திருட்டு என்பதா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

நடுவில் இன்னும் இரண்டு பேர் ஓடியிருக்கிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆர்க்கிலோகஸ் கி.மு. 7ஆம் நூற்றாண்டு, பாரோஸ் தீவுக்காரர். தாசோஸில் குடியேறப் போய், திரேஸ் பழங்குடிகளோடு சண்டை போட்டவர். பாட்டு நான்கே வரி. என் கேடயத்தை வைத்துக்கொண்டு எவனோ ஒரு சாயியன் (திரேஸ் பழங்குடிக்காரன்) பெருமையடிக்கிறான், குறையில்லாத கேடயம், மனசில்லாமல்தான் புதரோரம் விட்டுவந்தேன், நான் தப்பித்துவிட்டேன், அது போனால் போகட்டும், அதற்குக் குறையாத இன்னொன்றை வாங்கிக்கொள்கிறேன்.

கேடயத்தை எறிந்தவன் என்பது கிரேக்கர்களிடம் சாதாரண வசை கிடையாது. ஏதென்ஸில் ஒருவரைப் பொய்யாக அப்படிச் சொன்னால் வழக்குப் போடலாம். ஆர்க்கிலோகஸோ தன்னைத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனைக்கும் அவர் போரில் செத்ததாகத்தான் மரபு.

அடுத்து லெஸ்போஸ் தீவின் கவிஞர் அல்கேயஸ். போரில் தப்பியோடியபோது விட்டுவந்த தன் ஆயுதங்களை ஏதென்ஸ்காரர்கள் சிகேயம் என்ற ஊரின் அதீனா கோயிலில் மாட்டிவிட்டதை நண்பனுக்குப் பாட்டாகவே சொல்லி அனுப்பினார் என்கிறார் வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். இன்னொரு கிரேக்கக் கவிஞரான அனக்ரியோனுக்கும் ஆற்றங்கரையில் கேடயத்தை எறிந்ததாக ஒரு துண்டு வரி உண்டு. கி.மு. 421இல் அரிஸ்டோஃபனீஸின் ‘அமைதி’ என்ற நகைச்சுவை நாடகத்தில், கோழை என்று பெயரெடுத்த கிளியோனிமஸின் மகன் கல்யாண வீட்டில் ஆர்க்கிலோகஸின் இதே பாட்டை எடுத்துவிடுகிறான். கூட்டத்துக்குப் பாட்டு தெரிந்திருந்தால்தானே சிரிப்பு வரும்!

ஹோரஸும் அப்படித் தெரிந்த வாசகர்களை நம்பித்தான் எழுதினார். கி.மு. 42இல் பிலிப்பியில் அவர், சீசரைக் கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸின் படையில் அதிகாரியாக இருந்தது உண்மை. கேடயம் விழுந்தது உண்மையா என்றால், என் ஊகம், இல்லை. அதே பாட்டில் மெர்க்குரி தேவன் தன்னை அடர்ந்த மூடுபனிக்குள் தூக்கிப்போனதாகவும் சொல்கிறாரே! அது அப்படியே ஹோமர்; அவருடைய காவியத்தில் தேவர்கள் வீரர்களை இப்படித்தான் காப்பாற்றுவார்கள். இலக்கியமாகப் படியுங்கள் என்று அவரே கண்ணடிக்கிறார்.

அந்தப் பாட்டு பழைய படைத் தோழர் பொம்பேயுஸ் ஊர் திரும்பியதற்கான வரவேற்பு. ஆட்சியில் இருப்பதோ அன்று எதிர்ப்பக்கம் நின்று வென்ற அகஸ்டஸ். வீரமாகச் சண்டை போட்டேன் என்றால் ஆபத்து. தப்புப் பண்ணிவிட்டேன் என்றால் வந்திருக்கும் நண்பருக்கு அவமானம். ஆர்க்கிலோகஸின் கேடயம் கைகொடுத்தது.

திருட்டா என்றால், மறைக்காததைத் திருட்டு என்று எப்படிச் சொல்வது? பாரோஸின் இயாம்பிக் யாப்பை, அதாவது ஆர்க்கிலோகஸ் வசை பாடிய யாப்பை, லத்தீனுக்கு முதலில் காட்டியவன் நானே என்று ஹோரஸ் ஒரு கடிதக் கவிதையில் மார்தட்டுகிறார். தாளத்தையும் வேகத்தையும் எடுத்துக்கொண்டாராம், லிகாம்பஸைத் துரத்திய சொற்களை விட்டுவிட்டாராம். பெண் தருவதாகச் சொல்லி ஏமாற்றிய லிகாம்பஸை ஆர்க்கிலோகஸ் பாடிப் பாடியே தூக்கில் தொங்கவிட்டார் என்பது பழைய கதை.

ஆனால் ஹோரஸ் விட்டது வசையை மட்டுமில்லை. கேடயத்தை விட்டது முறையில்லைதான் என்று நாணத்தோடு ஒதுங்கிக்கொள்கிறார். இன்னொன்று வாங்கிக்கொள்கிறேன் என்ற ஆர்க்கிலோகஸின் கடைசி வரி அவரிடம் இல்லை. இன்னொரு கேடயம் என்றால் மறுபடி போருக்கு வருவேன் என்று அர்த்தம். அகஸ்டஸின் ரோமில் புரூட்டஸின் பழைய அதிகாரி அதை எப்படிச் சொல்வார்?