தும்பைக்குத் தண்ணிதான் எமன்

வணக்கம் அக்கா, சாமிக்கு வைக்க வீட்டுலயே தும்பை வளர்க்கணும்னு ரொம்ப நாள் ஆசை. மலேசியாவுல பட்டர்வொர்த்துல வரிசையா ஒட்டிக் கட்டுன டெரஸ் வீடு, முன்னாடி கொஞ்சூண்டு இடம். நர்சரில வாங்குன கறுப்பு மண்ணுல ரெண்டு தடவ விதை போட்டு காலைலயும் சாயந்தரமும் தண்ணி ஊத்துறேன், நாலு இலை விட்டதும் தண்டு அழுகி சாஞ்சிடுது. பிழைச்சு பூத்த ஒரே செடியும் இப்ப காயுது. என்ன தப்பு பண்றேன்?
ஒரு வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

தும்பைய ரோஜா மாதிரி பாத்துக்கிறீங்கம்மா, அதான் அழுகுது. அது தானா எங்க வளருது பாருங்க, ரோட்டோரம், மணல் திட்டு, கல்லு கெடக்குற தரிசு, அங்கல்லாம் யாரு எரு போட்டா? தொல்காப்பியத்துல ரெண்டு படையும் தும்பை சூடிக்கிட்டு மோதுற போர, கடற்கரைத் திணையான நெய்தலுக்குப் பொருந்துற புறத்திணையா வச்சிருக்காங்க, அதுக்கு உரைக்காரங்க சொல்ற காரணத்துல ஒண்ணு போருக்கு மணல் பரந்த வெட்டவெளி வேணும்ங்கறது. எனக்கு அதப் படிக்கும்போதெல்லாம் இந்தச் செடியோட குணமும் அந்த மணல்தானேன்னு தோணும்.

அதனால கறுப்பு மண்ண பாதியா குறைச்சிட்டு ஹார்ட்வேர் கடைல கட்டட மணல் வாங்கி கலந்துக்கங்க, கடல் மணல் வேணாம், உப்பு. நல்லா வெயில் அடிக்கிற இடமா பாத்து விதைய மேலாப்புல தூவுங்க, முளைச்சு ரெண்டு இஞ்ச் வர்ற வரைக்கும் லேசா தெளிச்சா போதும், அப்புறம் இலை தொங்குனா மட்டும்தான் தண்ணி. உங்க பக்கம் அக்டோபர்ல மழை கொட்டும், அது ஓயுற நேரம், நவம்பர் கடைசில போடுங்க. ஜனவரி பிப்ரவரி வறட்சி நமக்குத்தான் கஷ்டம், தும்பைக்கு அதான் கொண்டாட்டம். நான் அப்படிப் போட்டது ஒரு வருசம் தைப்பூசத்துக்கு முன்னாடியே வெள்ளை வெள்ளையா பூத்து தேனீயும் எறும்பும் மொய்ச்சிச்சு.

காயுற செடிய மட்டும் தயவுசெஞ்சு புடுங்கிடாதீங்க! அது நோய் இல்ல, அதோட ஆயுசே அவ்ளோதான். காஞ்ச பூக்கொத்துக்குள்ள பூவுக்கு நாலு விதை வரைக்கும் இருக்கும், பேப்பர் மேல தலைகீழா உதறுங்க. பூஜைக்குப் பறிக்கும்போதும் ரெண்டு மூணு கொத்த விட்டுட்டுப் பறிங்க.

எங்க தாமான்ல, அதாவது குடியிருப்புல, ரோட்டோரம் ஒரு வரிசையே இருந்துச்சு, விதை விடுறதுக்குள்ள புல்லு வெட்டுற மெஷின் சீவிட்டுப் போயிடுச்சு, ரெண்டு நாள் மனசே சரியில்ல. அதுக்கப்புறம் வருசா வருசம் ஒரு டப்பா விதை எடுத்து வச்சிருக்கேன். உங்க விதை முளைக்கலன்னா எழுதுங்க, கவர்ல போட்டு அனுப்புறேன்.