கையில் பலாப்பிசின், வாயில் கதை

(வாசகர் கேள்விகளுக்கு தமிழக-கேரள எல்லைப்புறத்து அம்மா ஒருவரின் பதில்கள்)

கேள்வி: அக்கா, என் பையனுக்கு 15 வயது. லீவு நாளில் பத்து மணிக்கு முன்னால் எழுப்பினால் வீட்டில் சண்டைதான். ராத்திரி பன்னிரண்டு ஆனாலும் அவன் அறையில் லைட் எரிகிறது. சோம்பேறி, உருப்பட மாட்டான் என்று என் மாமியார் தினமும் சொல்கிறார். என்ன செய்வது?
- வாசகி, புளியரை

பதில்: முதலில் அத்தையிடம் சொல்லிவிடுங்கள் தங்கச்சி, பையன் சோம்பேறி இல்லை. தூக்கத்தை வரவழைக்கிற மெலடோனின் என்ற ஹார்மோன், இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுரக்கிற நேரமே ஒன்றிரண்டு மணி நேரம் தள்ளிப்போய்விடுகிறது. ஒன்பது மணிக்குப் படு என்றால் படுப்பான், தூங்க மாட்டான். ஆனால் 13 முதல் 18 வயது வரை 8லிருந்து 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் டாக்டர்கள். காலை ஏழு மணிக்கே ஸ்கூல் பஸ் வாசலில் ஹாரன் அடித்தால் அது எங்கே கிடைக்கும்? வாரம் முழுக்க விட்ட தூக்கத்தைத்தான் ஞாயிற்றுக்கிழமை பிடிக்கப் பார்க்கிறான்.

என் மகன் ஒன்பதாம் வகுப்பு. போன சாரல் சமயத்தில் ஒரு ஞாயிறு, ஃபேனை நிறுத்தினேன், ஜன்னலைத் திறந்தேன், போர்வையை இழுத்தேன், அசையவில்லை. சரி என்று போய் நெய் விட்டு ஒரு தோசை வார்த்தேன். கண்ணைத் திறக்காமலே "எத்தனை இருக்கு?" என்று குரல் வந்தது. எழுந்து வந்து ஏழு தோசை சாப்பிட்டுவிட்டு, சட்னிக் கையோடு அதே பாயில் மறுபடியும் படுத்துவிட்டான். ஜூனில் தைத்த யூனிஃபார்ம் பேன்ட் ஜனவரியில் கணுக்காலுக்கு மேலே ஏறி நிற்கிற வயது, அந்த உடம்புக்குத் தோசையும் வேண்டும், தூக்கமும் வேண்டும்.

அதற்காகப் பத்து மணி வரை விட்டுவிடாதீர்கள். எட்டு, எட்டரைக்கு எழுப்பி முற்றத்து வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் முன்னால் வரும். ராத்திரி பத்து மணிக்கு எல்லார் போனும் ஹாலில் சார்ஜில் இருக்க வேண்டும், அவன் அப்பா போன் உட்பட. அதைச் செய்யாமல் பையனிடம் மட்டும் பிடுங்கினால் நடக்காது.

கேள்வி: பையனுக்கு 16 ஆகிறது. கடைக்குத்தானே, பக்கத்தில்தானே என்று அவன் அப்பாவே ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கிறார். நான் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்கிறார்கள் இரண்டு பேரும்.
- வாசகி, கற்குடி

பதில்: கொடுக்கவே கூடாது. 16 வயதில் கிடைக்கிற லைசென்ஸ் 50 சிசிக்கு மேல் போகாத, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான். நம் வீடுகளில் நிற்கிற ஸ்கூட்டர் எல்லாம் 100 சிசிக்கு மேல், அதற்கு 18 ஆக வேண்டும். 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி வழக்கு வருவது அப்பா மேலேதான். 25,000 ரூபாய் அபராதம், 3 வருடம் வரை ஜெயில், வண்டியின் பதிவும் ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னதும்தான் என் மகன் விரல் விட்டு எண்ணிப் பார்த்து, "அப்போ பொண்ணு பார்க்கக்கூட பஸ்ஸிலதான் போகணுமாம்மா?" என்று கேட்டுவிட்டு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனான். கேரளாவுக்கு லோடு லாரி ராப்பகலாகப் போகிற ரோடு நம்முடையது. நீங்கள் பயப்படுவது சரிதான்.

கேள்வி: எனக்கு விருதுநகர்ப் பக்கம், வாக்கப்பட்டது செங்கோட்டை. மகளுக்கு 16 வயது. முன்பெல்லாம் ஷூவைக் கழற்றும்போதே ஸ்கூல் கதையை ஆரம்பித்துவிடுவாள். இப்போது வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறாள். புனலூர்த் தோழியிடம் போனில் முழுக்க மலையாளம். "அடிபொளி" தவிர எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதையாவது மறைக்கிறாளோ?
- வாசகி, செங்கோட்டை

பதில்: மலையாளத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள். 1956 நவம்பர் 1 வரை இந்த ஊரே மலைக்கு அந்தப் பக்கத்துத் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடுதான் இருந்தது. கோபம் வந்தால் மலையாளத்தில் திட்டுகிற ஆச்சிகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். மறைக்கிறாளா என்றால், கொஞ்சம் மறைக்கத்தான் செய்வாள். நாம் 'க' பாஷை பேசவில்லையா? 'கவா கபோ கலாம்' என்று அம்மா முன்னாலேயே பேசிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தோமே, அதேதான். என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்கக் கேட்கக் கதவு இறுகும்.

என் மகளும் போன வருடம் இப்படித்தான் இருந்தாள். மே மாதம் ஆரியங்காவிலிருந்து என் நாத்தனார் ஒரு சக்கை, அதாவது பலாப்பழம், கொடுத்துவிட்டார், தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. பின்கட்டில் சாக்கை விரித்து, கத்தியிலும் கையிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு, வா ஒரு கை பிடி என்றேன். முனகிக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் திண்ணையில் இருந்த அவள் போன் அடித்தது. போனைப் பார்த்தாள், பிசின் ஒட்டிய பத்து விரலையும் பார்த்தாள், விட்டுவிட்டாள். போன் அடித்து ஓய்ந்தது. அப்புறம் ஒரு சுளையிலிருந்து கொட்டையைப் பிதுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், "பஸ்ஸுல எனக்கு சீட் போட்டு வைக்க மாட்டேங்கிறாம்மா" என்றாள். மூன்று மாதமாக அவள் வாயே திறக்காத விஷயம் அது. யார், ஏன், நீ என்ன சொன்னாய் என்று எனக்கு நாக்கு நுனி வரை பத்துக் கேள்வி வந்தது. ஒரு சுளையை வாயில் போட்டுக்கொண்டேன். "ம், அப்புறம்?" அவ்வளவுதான் கேட்டேன். சக்கை முடிகிற வரை பேசினாள்.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இரண்டு பேர் கண்ணும் ஒரே வேலையில் இருக்கும்போதுதான் இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பேச்சு வருகிறது. முருங்கைக்கீரை உருவலாம், சின்ன வெங்காயம் உரிக்கலாம், தலைக்கு எண்ணெய் தேய்த்துவிடலாம். சொன்னதை மட்டும் அன்று ராத்திரியே அப்பாவிடம் ஒப்பிக்காதீர்கள். நான் ஒப்பித்தேன். அது அவள் காதில் விழுந்து, மூன்று வாரம் எனக்கு "சரி", "இல்ல" தவிர வேறு பதில் கிடைக்கவில்லை.

ஒன்று மட்டும் கவனமாகப் பாருங்கள். சாப்பாடு குறைந்து, தூக்கம் போய், பிடித்த விஷயத்தில்கூட மனசு இல்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். உயிரை விடுகிற பேச்சு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

இப்போது சக்கை வருகிற நேரம்தான். சுளை கெட்டியான வருக்கையாகப் பார்த்து, பெரிதாக வாங்குங்கள். கூழன் வேண்டாம், கையாலேயே பிய்ந்து சீக்கிரம் வேலை முடிந்துவிடும்.