நூறு பிரதி அன்பளிப்பா?

கேள்வி: கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்க்கிறேன். மூன்று நாவல்கள் எழுதி முடித்து வைத்திருக்கிறேன். பதிப்பகங்களின் வாசலில் நிற்காமல் நானே சொந்தமாக வெளியிட்டு, ஒன்றிரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளனாகிவிட ஆசை. முதல் நாவலை 300 பிரதி அச்சிட்டு, 100 பிரதியை வேண்டியவர்களுக்கு அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டு மீதியை விற்கலாம் என்று திட்டம். உருப்படுமா?
ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: நாவல் எப்படி என்று எனக்குத் தெரியாது. திட்டம் உருப்படாது. வேலையை விடுவது பற்றிப் பிறகு பேசுவோம். அந்த ‘அன்பளிப்பு’ என்ற இடத்தில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

அந்த நூறு பேர் யார் யார் என்று நானே சொல்லிவிடுகிறேன். மாமா, சித்தப்பா, சகலை வகையில் ஒரு கூட்டம். வங்கியில் மேலாளர் முதல் நகை மதிப்பீட்டாளர் வரை ஒரு கூட்டம். அப்புறம் கவிஞர்கள். இவர்கள் பதிலுக்குத் தங்கள் தொகுப்பைக் கொடுப்பார்கள், அதை நீங்கள் படிக்க மாட்டீர்கள், கணக்கு நேராகிவிடும். மிச்சம் இருப்பது மதிப்புரை எழுதுவோம் என்று நீங்கள் நம்புகிற எங்களைப் போன்ற பத்திரிகைக்காரர்கள். ‘மதிப்புரைக்கு’ என்று முத்திரை குத்தி வந்த புத்தகங்கள் எங்கள் அலுவலகத்தில் ஜன்னல் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கின்றன. அடுக்கின் உச்சியில் இருக்கிற நாவலின் அட்டையில் டீ டம்ளர் வைத்து வைத்து ஒலிம்பிக் கொடி மாதிரி வளையங்கள். உள்ளே முதல் பக்கத்தில், ‘அன்புடன்’ என்று ஆசிரியர் கையெழுத்து.

சரி, வங்கிக்காரருக்குக் கணக்காகவே சொல்கிறேன். பிரதிக்கு 120 ரூபாய் அச்சுச் செலவு என்று வையுங்கள். 300 பிரதிக்கு 36,000. விலை 250. கடைக்காரருக்கு 35 சதவீதம் கழிவு போனால் உங்கள் கைக்கு 162 ரூபாய் 50 காசு. நூறைத் தானம் செய்துவிட்டு மீதி 200 பிரதியையும் ஒன்று விடாமல் விற்றாலும் 32,500தான் வரும். கடைசிப் பிரதி விற்ற அன்றைக்கு உங்களுக்குக் கைநட்டம் 3,500. தபால் செலவைச் சேர்க்கவே இல்லை. கடன் கேட்டு வருகிற ஒருவர் இப்படி ஒரு திட்டத்தை உங்கள் மேசையில் வைத்தால் கையெழுத்துப் போடுவீர்களா?

நம்மூரில் யாருக்கும் காசு கொடுக்க மனசில்லை என்று சொல்லாதீர்கள். கல்யாண மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் மேசை போட்டு ஒருவர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். பேர், ஊர், தொகை. ‘நமக்குள்ள என்ன மொய்’ என்று யாராவது கையை வீசிக்கொண்டு பந்திக்குப் போகிறார்களா? அங்கே 1,001 எழுதிவிட்டு நிமிர்ந்து நடக்கிற அதே பெரியப்பாதான் உங்கள் வெளியீட்டு விழாவில், “ஏல, எனக்கு ஒண்ணு கையெழுத்துப் போட்டுத் தா” என்பார். குற்றம் அவர் மேல் இல்லை. நீங்கள் மேசை போடவில்லை.

ஆகவே மேசை போடுங்கள். மடங்காத நோட்டாக ஒன்று, கணக்குத் தெரிந்த மச்சான் ஒருவர். ‘பேட்டை மாமா, 1 பிரதி, வரவு ரூ.250.’ ‘வீரவநல்லூர் பெரியப்பா, 2 பிரதி, வரவு ரூ.250, பாக்கி ரூ.250.’ இதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பழைய மொய் நோட்டையும், நீங்கள் போய்ச் செய்த கணக்கையும் எடுத்து வைத்துக்கொண்டு, யார் யார் உங்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது என்று பட்டியல் போடுங்கள். “அண்ணாச்சி, உங்க வீட்டு வளைகாப்புக்கு 501 எழுதினேம்லா, அதுக்கு ரெண்டு பிரதி எடுத்துக்கிடுங்க. சில்லறை ஒரு ரூவா நான் தாரேன்.” வெட்கமாக இருந்தால் மச்சானைச் சொல்லச் சொல்லுங்கள். விழா முடிவதற்குள் அச்சகப் பாக்கி தீரும்.

மேடையில் பொன்னாடை வேண்டாம். ஏழு பேருக்குப் பொன்னாடை வாங்குகிற காசில் பத்துப் பன்னிரண்டு பிரதி அச்சாகும். பொன்னாடைக்கு எதிராக இந்தப் பக்கத்தில் எழுதியதிலிருந்து பாளையங்கோட்டைக் கவிஞர் ஒருவர் என்னைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுகிறார். போகட்டும், சந்தாவைக் கட்டிவிட்டுப் போகலாம்.

கட்டாயம் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டிய பிரதிகள் நான்கே நான்கு. கேட்பவர் சர்க்கார். 1954ஆம் வருடத்துச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் வெளியிட்டவர் தன் செலவிலேயே கல்கத்தா தேசிய நூலகத்துக்கு ஒன்று, சென்னை கன்னிமாராவுக்கு ஒன்று, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொன்று அனுப்ப வேண்டும். அனுப்புங்கள். உங்கள் பேரன் வந்து தேடினால் கிடைக்கும். சகலை வீட்டில் கிடைக்காது.

புத்தகத்துக்கு ஐ.எஸ்.பி.என். என்கிற சர்வதேச அடையாள எண் வாங்கித் தருகிறேன் என்று எவராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இருக்கிற மத்திய அரசு முகமை அதை இலவசமாகத்தான் தருகிறது, நீங்களே விண்ணப்பிக்கலாம். புது எழுத்தாளர்களிடம் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு, ஐம்பது பிரதியைக் கட்டி அனுப்பிவிட்டு, ‘மீதி கிட்டங்கியில் இருக்கிறது’ என்று சொல்கிற வகையறா ஒன்று உலவுகிறது. அவர்களும் தங்களைப் பதிப்பாளர் என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சிடுகிற பி.ஓ.டி. முறை வந்தபிறகு முப்பது பிரதி வேண்டுமென்றால் முப்பதுதான் அச்சாகும். அந்தக் கிட்டங்கியே கிடையாது.

1920இல் நம் ஜில்லாவில் இரண்டு காரியம் நடந்தது. கடையத்தில் இருந்த பாரதி, தன் கையெழுத்துப் பிரதிகளையெல்லாம் 40 புத்தகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 அச்சிட்டு, மொத்தம் 4 லட்சம் பிரதி போடத் திட்டம் தீட்டினார். மண்ணெண்ணெய், தீப்பெட்டி மாதிரி விற்கும் என்று நம்பினார். முதலுக்கு நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார். பிராமிசரி நோட்டு எழுதித் தருகிறேன், மாதம் 2 சதவீதம் வட்டி தருகிறேன் என்றார். பணம் வரவில்லை. அடுத்த வருடம் செப்டம்பரில் ஆளே போய்விட்டார். அதே 1920இல் திருநெல்வேலி டவுனில் சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழகம் தொடங்கியது. லிமிடெட் கம்பெனி. பங்குதாரர், நிர்வாகம், வரவு செலவு எல்லாம் முறைப்படி. சங்க நூலும் இலக்கணமும் போட்டு நூறு வருடம் தாண்டி நிற்கிறது. பாரதி சரக்கில் தோற்கவில்லை, வசூலில் தோற்றார். அந்த எழுத்தின் உரிமையை 1949இல் சென்னை அரசாங்கமே விலைக்கு வாங்கியது.

உரிமை என்றதும் ஞாபகம் வருகிறது. நாவல் ஓடிவிட்டால் பெரிய பதிப்பகம் உங்களைத் தேடி வரும். நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். 1957 பதிப்புரிமைச் சட்டம் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருக்க வேண்டும். எத்தனை வருடம் என்று எழுதாவிட்டால் 5 வருடம்தான் செல்லும். வேறு மாதிரி எழுதிக்கொடுக்காத வரை, வாங்கியவர் ஒரு வருடம் வரை அதைப் பயன்படுத்தாமல் போட்டு வைத்திருந்தால் உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ‘காலம் முழுவதும்’ என்ற சொல் தாளில் எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடுங்கள்.

மெய்ப்புப் பார்க்கக் காசு கொடுத்து ஆள் வையுங்கள். சொந்த வெளியீடாக எனக்கு வந்த ஒரு நாவலில் கதாநாயகன் முப்பது வருடம் ‘அரசுப் பனியில்’ இருந்து ஓய்வு பெற்றான். அந்த ஆளுக்கு ஜலதோஷம் பிடிக்காதது ஆச்சரியம். கதாநாயகி விளக்கை ‘அனைத்தாள்’. இவ்வளவுக்கும் அட்டை பளபளவென்று சிவகாசியில் அச்சாகி வந்திருந்தது. இன்னொரு வியாதி, வட்டார வழக்கு. நெல்லைக் கதை என்று காட்ட முதல் பக்கத்தில் அல்வா, இரண்டாம் பக்கத்தில் வரிக்கு வரி ‘ஏலே’. எந்த ஊரில் மாமனாரைப் பார்த்து மருமகன் ஏலே என்கிறான்? “மாமா வந்துட்டாவளா?” என்று கதவோரம் ஒரு பெண் கேட்கிற குரல் காதில் விழாதவர் எல்லாம் தாமிரபரணி பெயரைக் கதைக்குள் இழுக்கிறார்கள். உங்கள் மூன்றில் எத்தனை நாவலில் அல்வா வருகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

அமேசான் கிண்டிலில் மின்னூலாகப் போடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் போடுங்கள். அச்சுச் செலவு இல்லை, 35 அல்லது 70 சதவீதம் உங்களுக்கு. இந்திய விற்பனையில் 70 வேண்டுமென்றால் 90 நாள் வேறெங்கும் மின்னூலாக விற்கமாட்டேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தினம் ஓர் அத்தியாயம் எழுதத் தெம்பு இருந்தால், இணையத்தில் தொடர்கதை போடுகிற பிரதிலிபி இருக்கிறது. தெம்பு இல்லாதவர்கள் அங்கே போய் ‘தரம் இல்லை’ என்று திட்டுகிறார்கள்.

இனி வேலை. வேலையை விட்டு எழுத்தையே நம்பிய நெல்லைக்காரர் என்றால் எனக்கு முதலில் ராஜவல்லிபுரம் வல்லிக்கண்ணன்தான் வருவார். அரசு உத்தியோகத்தை விட்டார், 2006இல் காலமாகும் வரை எழுதினார், சாகித்ய அகாடமியும் வந்தது. ஆனால் அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. உங்கள் நூறு பேரில் சகலை இருப்பதாக நான் ஊகித்தது சரியென்றால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது. புதுமைப்பித்தன் பத்திரிகை வேலையை விட்டு சினிமாவுக்குப் போனார். 1948இல் காசநோயில் இறந்தபோது வயது 42. இந்தப் பக்கம் தோப்பில் முகமது மீரானைப் பாருங்கள். மிளகாய் வற்றல் வியாபாரம். முதல் நாவலைச் சொந்தக் காசில் போட்டார், 1997இல் அகாடமி வாங்கினார். எந்தப் பதிப்பாளரிடமும் அவர் பயந்து பேச வேண்டிய அவசியம் இருக்கவில்லை, ஏனென்றால் அடுத்த நாள் சோறு மிளகாய் மூட்டையில் இருந்தது. வண்ணதாசன் உங்களைப் போல வங்கிக்காரர்தான். கி. ராஜநாராயணன் சம்சாரி, அதாவது விவசாயி.

அதனால் வேலையை விடாதீர்கள். முதல் நாவல் கடன் இல்லாமல் விற்று, இரண்டாவதுக்கு முன்பணம் கட்டிக் காத்திருக்கிற வாசகர் ஐந்நூறு பேர் உங்கள் நோட்டில் ஏறிய பிறகு வேண்டுமானால் இதே பக்கத்துக்கு மறுபடி எழுதுங்கள். அதற்கு முன்னால் அவசரப்பட்டு விடுவதாக இருந்தால் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எங்கள் வீட்டு வளையல் இரண்டு நகைக்கடனில் இருக்கிறது. தவணை தள்ளிக் கேட்க அங்கே தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.