நெல்லிக்காயை மனப்பாடம் செய்த தம்பிக்கு

கேள்வி: ஆசிரியர் ஐயா, பகாவ் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். இப்போது போர்ட்டிக்சனில் ஒரு ஹோட்டலில் வேலை. ஒயின் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஒரே கிளாசில் கூஸ்பெரி, பிளாக்கரண்ட், மிளகு என்று என்னென்னவோ சொல்கிறார்கள். நியூசிலாந்து சாவிஞ்ஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினை ஊற்றியபோது நான் "கொய்யா மாதிரி இருக்கு" என்றேன், எல்லாரும் சிரித்துவிட்டார்கள். இதெல்லாம் ஏமாற்று வேலைதானே? இல்லை, பட்டியலை மனப்பாடம் செய்துவிடட்டுமா? (பெயர் வேண்டாம், பகாவ்)

பதில்: தம்பி, நீங்கள் எழுதியது மூன்று பக்கம், சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன். அந்த மூன்று பக்கத்தில் ஒயினைப் பற்றி உருப்படியாக இருந்தது கொய்யா என்ற ஒரே சொல். மற்றதெல்லாம் சிரித்தவர்கள் மேல் உள்ள கோபம்.

அந்தக் கொய்யா சரிதான். நியூசிலாந்தின் மார்ல்பரோ பக்கத்து சாவிஞ்ஞோன் பிளாங்கில் கந்தகம் சேர்ந்த சில வாசனைப் பொருள்கள் உண்டு, அதில் ஒன்று கொய்யாவிலும் மார்கிசாவிலும் (பேஷன் ஃப்ரூட்) இருக்கிறது. நன்றாகப் பழுத்த கொய்யாவை வெட்டும்போது இனிப்போடு லேசாக வேர்வை நெடி மாதிரி ஒன்று வருமே, அதைத்தான் உங்கள் மூக்கு பிடித்திருக்கிறது. சிரித்தவர்களுக்கு இது தெரியாது. ஆனால் உங்களுக்கும் தெரியாமல்தானே உடனே வாயை மூடிக்கொண்டீர்கள்?

அப்புறம், நீங்கள் அனுப்பிய பாடத்தாள் நகலில் கூஸ்பெரிக்குப் பக்கத்தில் பென்சிலால் 'நெல்லிக்காய்' என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அகராதி அப்படித்தான் சொல்லும். ஆனால் ஐரோப்பிய கூஸ்பெரி வேறு செடி, நம் நெல்லிக்கு அது ஒன்றுவிட்ட சொந்தம்கூட இல்லை. பிளாக்கரண்டுக்குத்தான் பங்காளி. நெல்லிக்காயை நினைத்துக்கொண்டு கிளாசை மோந்தால் சாயங்காலம் வரைக்கும் மோந்துகொண்டே இருக்க வேண்டியதுதான். பிளாக்கரண்டை மட்டும் உங்களுக்குத் தெரியும், சின்ன வயதில் ரிபேனா குடித்திருப்பீர்கள். பிரான்சின் போர்டோ பக்கத்து காபர்னே சாவிஞ்ஞோன் என்ற சிவப்பு ஒயினில் அந்த வாசனை வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வரவில்லை என்று சொல்லுங்கள், யாரும் சம்பளத்தைப் பிடிக்க மாட்டார்கள்.

ஏமாற்றா என்று கேட்டீர்கள். கொஞ்சம் உண்டு. 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்டோவில் ஒயின் படிக்கும் 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையில்லாத சிவப்புச் சாயத்தைக் கலந்து கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்குச் சொல்லும் வார்த்தைகளை எடுத்து அதற்கு வைத்தார்கள். மூக்குக்கு முன்னால் கண் முந்திக்கொண்டது. அதற்காக எல்லாமே கட்டுக்கதை என்று சொல்வது சோம்பேறித்தனம்.

மிளகையே எடுத்துக்கொள்ளுங்களேன். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயினில் வரும் மிளகு வாசனைக்குக் காரணமான பொருளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். ரோட்டண்டோன் என்று பெயர், நிஜ மிளகிலும் அதேதான் இருக்கிறது. ஆனால் அது முதலில் கிடைத்தது கோரைக்கிழங்கில், பெயரே அந்தச் செடியின் தாவரவியல் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பாட்டிமார் குளியல் பொடியில் இடித்துப் போட்ட அதே கோரைக்கிழங்கு! குளிர்ந்த இடத்தில், பிரான்சின் வடக்கு ரோன் மாதிரி, விளைந்தால் இந்த மிளகு தூக்கலாகத் தெரியும். ஆஸ்திரேலியாவின் பரோசா மாதிரி வெயில் ஊரில் விளைந்தால் பழப்பாகு மாதிரி கனத்து வரும். இன்னொன்று, ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு ரோட்டண்டோன் வாசனையே தெரியாது. உங்களுக்கு மிளகு வரவில்லை என்றால் வாத்தியார் பொய் சொல்கிறார் என்றும் இல்லை, நீங்கள் மக்கு என்றும் இல்லை.

நாக்கு விஷயத்தில் உங்களுக்குப் பயிற்சியே வேண்டாம். துவர்ப்பு என்ற சொல்லை வைத்துக்கொண்டு பிறந்தவர்கள் நாம். திராட்சைத் தோலும் விதையும் ஊறி வரும் துவர்ப்புப் பொருளான டானின், பாக்கு மென்றது மாதிரி ஈறைப் பிடிக்கும். இத்தாலியின் பரோலோ என்ற சிவப்பு ஒயின் பார்க்க வெளிறிக் கிடக்கும், வாயில் வைத்தால் கட்டாந்தரையாகக் காய்ந்துவிடும். பிரான்சின் அல்சாஸ் பக்கத்து கெவுர்ட்ஸ்ட்ராமினர் என்ற வெள்ளை ஒயின் கிடைத்தால் விடாதீர்கள். ஒரு கல்யாண விருந்தில் எனக்குக் கிடைத்தது, டின் லைச்சியைத் திறந்த மாதிரியே இருந்தது. லைச்சியிலும் ரோஜாவிலும் உள்ள ஒரே வாசனைப் பொருள்தான் அதிலும். தென்னாப்பிரிக்க பினோட்டாஜ் ஒயின்கள் சில, ரப்பர் கருகிய நெடி அடிப்பதாகப் பல காலம் பேச்சு வாங்கின. ரப்பர் ஸ்டோர் பக்கத்தில் வளர்ந்தவருக்கு அதை யார் வந்து சொல்லித்தர வேண்டும்? காலையில் இறக்கிய கள்ளையும் சாயங்காலக் கள்ளையும் ஒரு வாயில் பிரித்துச் சொன்ன பெரியவர்கள் இருந்த லயத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். (குடும்பப் பத்திரிகையில் கள்ளா என்று கடிதம் போடப் போகிறவர்கள், தபால் தலையை மிச்சம் பிடியுங்கள்.)

ஒன்று மறந்துவிட்டேன். சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' ஊற்று என்று பாடத்தாளில் இருக்கிறது. அது குளிர் நாட்டு அறை, 16 முதல் 18 டிகிரி. நம் ஊர் 30 டிகிரியில் ஊற்றினால் சாராய நெடிதான் முதலில் ஏறும். ஃப்ரிட்ஜில் வைத்து, அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் எடுங்கள்.

அடுத்த கடிதம் அரைப் பக்கம் போதும். எந்த ஒயின், முதலில் என்ன வாசனை, பத்து நிமிடம் கழித்து என்ன ஆனது, அவ்வளவுதான். நெல்லிக்காய் என்று இருந்தால் பிரசுரிக்க மாட்டேன்.